மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இமாச்சலப் பிரதேசத்தின் மணாலியையும் லடாக்கின் லே நகரையும் இணைக்கும் மலைச்சாலை ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே திறந்திருக்கிறது. அந்தச் சாலையைத் துணை வண்டி இல்லாமல், தம் சுமையைத் தாமே ஏற்றிக்கொண்டு, சைக்கிளில் கடக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெரும்பாலான பதில்கள் ஒரே இடத்துக்குத் திரும்பி வருவதைப் படிப்பவர்கள் கவனிக்கலாம். பகலில் எத்தனை கிலோமீட்டர் மிதித்தோம் என்பது இங்கே இரண்டாவது கணக்குதான். இரவில் எந்த உயரத்தில் படுக்கிறோம் என்பதே முதல் கணக்கு.

தூரம் எவ்வளவு? எத்தனை நாள் ஆகும்?

2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட, 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கத்தின் வழியாகக் கணக்கிட்டால் சாலையின் நீளம் 428 கிலோமீட்டர். ரோத்தாங் கணவாய் வழியாகச் செல்லும் பழைய சாலை அதைவிட ஏறத்தாழ 46 கிலோமீட்டர் அதிகம். சமவெளியில் இந்தத் தூரத்தை நான்கைந்து நாட்களில் முடித்துவிடக்கூடியவர்கள்கூட இங்கே பதின்மூன்று நாட்களை ஒதுக்க வேண்டும் என்பதே என் கருத்து. மணாலி 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வழியில் ரோத்தாங் (3,978 மீட்டர்), பாராலாச்சா லா (4,890), நகீ லா (சுமார் 4,740), லாச்சுங் லா (சுமார் 5,060), தங்லங் லா (5,328) என்று ஐந்து கணவாய்கள் வருகின்றன. இந்த ஐந்தின் ஏற்றத்தை மட்டும் கூட்டினாலே 5,000 மீட்டரைத் தாண்டிவிடும். இடையில் வரும் சிறு மேடுகள் தனி. எட்டே நாட்களில் முடிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் முன்னதாகவே உயரத்துக்குப் பழகியவர்களாக இருப்பார்கள் என்பதை அந்தக் கணக்கைக் கேட்டு மலைப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இதற்கு எப்படிப்பட்ட உடல் பயிற்சி தேவை?

விளையாட்டு வீரராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சுமை ஏற்றிய சைக்கிளில் ஐந்தாறு மணி நேரம் ஓட்டிவிட்டு, மறுநாள் காலையிலும் அதே அளவு ஓட்ட உடல் ஒத்துழைக்கிறதா என்பதே சரியான சோதனை. ஒரே நாளில் 200 கிலோமீட்டர் ஓட்டும் திறமை இங்கே பெரிதாகப் பயன்படாது. அடுத்தடுத்த நாட்களில், மலைப்பகுதி ஏதாவது ஒன்றில், முழுச் சுமையுடன் பயிற்சி எடுப்பது பயன்படும். இருதயம் அல்லது நுரையீரல் தொடர்பான நோய் உள்ளவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், கருவுற்றிருப்பவர்கள் ஆகியோர் மருத்துவரிடம் உயரத்தின் அளவைக் குறிப்பிட்டுக் கேட்டுவிட்டே முடிவெடுக்க வேண்டும். "மலைப் பயணம் போகிறேன்" என்று பொதுவாகச் சொல்வது போதாது. "4,600 மீட்டரில் இரவு தங்குவேன்" என்று சொல்ல வேண்டும்.

நல்ல உடற்கட்டு உயரத்தின் பாதிப்பிலிருந்து ஒருவரைக் காப்பதில்லை. இன்னும் சொல்லப்போனால், கால்வலு மிகுந்த இளைஞர்கள் வேகமாக மேலே ஏறிவிடுவதால் அவர்களுக்குத்தான் ஆபத்து சீக்கிரம் வந்து சேர்கிறது.

எந்த மாதம் நல்லது?

பனி அகற்றப்பட்டு ஜூன் தொடக்கத்தில் சாலை வழக்கமாக முழுப் பயன்பாட்டில் இருக்கும். அப்போது பாராலாச்சாவின் இருபுறமும் பனிச்சுவர்கள் நிற்கும். உருகும் நீர் சாலையின் மேலேயே ஓடும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் மணாலிப் பக்கம் பருவமழை கடுமையாகப் பெய்து மண்சரிவுகளை உண்டாக்குகிறது. பாராலாச்சாவைத் தாண்டிவிட்டால் மழைமறைவுப் பகுதி என்பதால் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். ஆனால் அதையே உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2010 ஆகஸ்டில் லேயில் பெய்த மேகவெடிப்பு மழை பெரும் உயிர்ச்சேதத்தை ஏற்படுத்தியது.

என் தேர்வு ஆகஸ்ட் கடைசி வாரம் தொடங்கிச் செப்டம்பர் நடுப்பகுதிக்குள் முடிப்பது. ஓடைகளில் நீர் குறைந்திருக்கும், காற்றில் தூசி குறைவு, மலைகளின் நிறம் துலக்கமாகத் தெரியும். அதற்கான விலை, இரவுக் குளிர். செப்டம்பர் நடுவைத் தாண்டினால் வழியிலுள்ள கூடாரத் தாபாக்கள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டத் தொடங்கும். பிறகு சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் முழுக்க முழுக்க உங்கள் பைகளையே நம்ப வேண்டியிருக்கும்.

உயரத்தில் உடலுக்கு என்னதான் ஆகிறது?

காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு எங்கும் ஏறத்தாழ 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். தங்லங் லாவின் உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. எனவே ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜனும் ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. உடல் இதைச் சமாளிக்கும் வழிகளைக் கற்றுக்கொள்கிறது: மூச்சு வேகமாகிறது, சிறுநீரகங்கள் இரத்தத்தின் காரத்தன்மையைச் சரிசெய்கின்றன, சில நாட்களில் சிவப்பணுக்களும் கூடத் தொடங்குகின்றன. இதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் மேலே போனால் தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி, தூக்கம் பிடிக்காமை ஆகியவை வருகின்றன. இதுவே உயர்மலை நோயின் தொடக்க நிலை.

இந்த நிலையில் ஏற்றத்தை நிறுத்திவிட்டு ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். பொருட்படுத்தாமல் மேலே போனால் இரண்டு ஆபத்தான நிலைகளில் ஒன்று வரலாம். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது ஒன்று: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் விடாது, முற்றிய நிலையில் இளஞ்சிவப்பு நுரையுடன் சளி வரும். மூளை வீங்குவது மற்றொன்று: பேச்சில் குழப்பம், நடையில் தள்ளாட்டம், காரணமில்லாத எரிச்சல் அல்லது மந்தம் தெரியும். சந்தேகம் வந்தால் தரையில் ஒரு நேர்க்கோட்டின் மேல், ஒரு காலின் குதிகாலை மற்றொரு காலின் விரல் நுனியோடு ஒட்டி வைத்து நடக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். தள்ளாடினால் விவாதத்துக்கு இடமில்லை, உடனே கீழே இறக்க வேண்டும். இருட்டிவிட்டது, குளிர்கிறது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற எதுவும் காரணமாகாது.

விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் அளவி பலரிடம் இருக்கிறது. இருப்பது நல்லதுதான். ஆனால் எண் நன்றாக இருக்கிறது என்பதற்காகத் தலைவலியை ஒதுக்கிவிட வேண்டாம்; உடம்பு சொல்வதற்கே முதலிடம்.

அப்படியானால் எங்கெங்கே இரவு தங்க வேண்டும்?

3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதிருப்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை அதே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்குவதும் மலை மருத்துவம் வகுத்துள்ள பொது விதி. பகலில் அதைவிட உயரமான கணவாயைக் கடந்து இறங்கிவிடுவதில் தவறில்லை.

மணாலி–லே சாலையின் சிக்கல் என்னவென்றால், அது இந்த விதியை மதிக்கும்படி அமையவில்லை. மோட்டார் வாகனங்களில் வருபவர்கள் கேலாங்கில் (சுமார் 3,080 மீட்டர்) ஓர் இரவும் சர்ச்சுவில் (சுமார் 4,290 மீட்டர்) மறு இரவும் தங்குகிறார்கள். ஒரே தாவலில் 1,200 மீட்டர். சர்ச்சுவில் தூக்கமின்றித் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களின் எண்ணிக்கைக்கு இதுவே காரணம். சைக்கிளில் போகிறவருக்கு வேகம் குறைவு. இந்தச் சாலையில் அது பெரிய வரம். அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

மணாலியில் இரண்டு இரவுகள் தங்கிவிட்டுத் தொடங்குவது நல்லது. முதல் நாள் மர்ஹி (3,360 மீட்டர்) வரை ஏறலாம்; அது அதிகம் என்று தோன்றினால் அதற்குக் கீழே கோத்தியிலேயே நிறுத்திக்கொள்ளலாம். அடுத்த நாள் ரோத்தாங்கைக் கடந்து இறங்கிச் சந்திரா ஆற்றங்கரையில் கோக்சரிலோ சிஸ்ஸுவிலோ தங்க வேண்டும். இரண்டுமே 3,100 மீட்டரை ஒட்டியவை. சந்திராவும் பாகாவும் கூடும் தாந்தியைத் தாண்டிக் கேலாங்கில் ஓர் இரவு. பிறகு ஜிஸ்பாவில் (சுமார் 3,200 மீட்டர்) இரண்டு இரவுகள். இந்த இரண்டாவது இரவைத்தான் பலர் வீண் என்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பயணத் திட்டத்திலேயே வெட்டக் கூடாத நாள் அதுதான். அன்று சுமையை அறையிலேயே வைத்துவிட்டுத் தார்ச்சாவைத் தாண்டி ஓரளவு ஏறிவிட்டுத் திரும்பலாம்.

அடுத்து வருவதுதான் நுட்பமான பகுதி. தார்ச்சாவுக்கு மேலே பட்சேவ் பகுதியில் (சுமார் 3,800 மீட்டர்) கூடாரம் அடித்து ஓர் இரவு, ஜிங் ஜிங் பாரில் (சுமார் 4,270 மீட்டர்) ஓர் இரவு. இப்படிச் செய்தால் பாராலாச்சாவைக் கடந்து சர்ச்சுவில் படுக்கும்போது உடம்புக்கு அது புதிய உயரமே அல்ல. சர்ச்சுவிலிருந்து பாங் வரை சுமார் 80 கிலோமீட்டர், நடுவில் இரண்டு கணவாய்கள். அதை ஒரே நாளில் முடிக்க முயல்வதைவிட, இருபத்தொரு கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கட்டா ஏற்றத்தின் அடிவாரத்தில் தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்த்து ஓர் இரவு தங்கிவிட்டு, விடிகாலையில் ஏறத் தொடங்குவது மேல். பாங்கில் (சுமார் 4,600 மீட்டர்) ஓர் இரவு, மோரே சமவெளியைக் கடந்து தெப்ரிங்கில் ஓர் இரவு, தங்லங் லாவைத் தாண்டி ரும்ட்சேயிலோ லாத்தோவிலோ ஓர் இரவு. அங்கிருந்து சிந்து நதிக்கரை உப்ஷி வழியாக லே.

ஏன் ஜிஸ்பாவுக்கும் சர்ச்சுவுக்கும் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறீர்கள்?

"உடம்புக்கு முடியவில்லை என்றால் கீழே இறங்கு" என்பது மலைப்பயணத்தின் பொன்விதி. சர்ச்சுவுக்கும் தங்லங் லாவுக்கும் இடையில் அந்த விதியைக் கடைப்பிடிக்கவே வழியில்லை. அது நான்கு புறமும் கணவாய்களால் பூட்டப்பட்ட ஓர் உயர்ந்த தொட்டி. சர்ச்சுவில் நோயுற்றால், திரும்பிப் போக 4,890 மீட்டர் உயரம்வரை ஏற வேண்டும். முன்னே போனால் 5,000 மீட்டருக்கு மேல் ஏறி, சர்ச்சுவைவிட உயரமான பாங்கில்தான் போய்ச் சேர முடியும். பாங்கில் நோயுற்றால், லே செல்லும் வழியில் 5,328 மீட்டர் தடுக்கிறது. சைக்கிளில் அது நடக்காத காரியம். வண்டி பிடித்தே ஆக வேண்டும், அந்த வண்டியும் முதலில் மேலே ஏறிய பிறகுதான் கீழே இறங்கும். ஆகவே பழகுதல் அனைத்தும் பாராலாச்சாவுக்கு இந்தப் பக்கமே முடிந்துவிட வேண்டும். தலைவலியோடு ஜிங் ஜிங் பாரில் கண்விழித்தால், அங்கிருந்து தார்ச்சாவுக்கு இறங்க இரண்டு மணி நேரம்கூட ஆகாது. தயங்காமல் இறங்கிவிட்டு, சரியானதும் மறுபடி ஏறலாம்.

மாத்திரை போட்டுக்கொண்டால் இந்தக் கணக்கெல்லாம் தேவையா?

அசெட்டசோலமைடு என்ற மருந்து உடல் பழகுவதை விரைவுபடுத்துகிறது. தடுப்பாக எடுக்கும்போது 125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை என்பது பெரியவர்களுக்கு வழக்கமான அளவு. விரல் நுனிகளில் ஊசி குத்துவதுபோன்ற உணர்வும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் அதன் பக்க விளைவுகள். சல்ஃபா மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மருந்து ஒரு துணை மட்டுமே. அதை விழுங்கிவிட்டு ஒரே தாவலில் 1,200 மீட்டர் ஏறலாம் என்று நினைப்பது தவறு. தூக்க மாத்திரையும் மதுவும் உறக்கத்தில் மூச்சின் வேகத்தைக் குறைப்பவை; லே வந்து சேரும்வரை இரண்டுமே வேண்டாம்.

சுரங்கம் இருக்கும்போது எதற்கு ரோத்தாங் ஏற வேண்டும்?

மணாலியிலிருந்து ரோத்தாங் உச்சிக்கு 51 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,930 மீட்டர் ஏற்றம். சரிவின் சராசரி நான்கு சதவீதத்துக்கும் குறைவு. முதல் கணவாய்க்கு இதைவிடப் பொருத்தமான ஏற்றம் கிடைக்காது. உச்சியில் 3,978 மீட்டரைத் தொட்டுவிட்டு 3,100 மீட்டரில் வந்து படுப்பது, மேலே போகப் போகக் கைகொடுக்கும். லாரிகளும் பெருவாரியான வண்டிகளும் சுரங்கத்துக்குப் போய்விட்டதால் பழைய சாலை அமைதியாகிவிட்டது. உச்சிவரை சுற்றுலா வண்டிகள் வரத்தான் செய்யும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைப்படி அவற்றின் தினசரி எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கிறது. உச்சிக்கு அப்பால் இறங்கும் பக்கத்தில் சாலை சிதைந்திருந்தால் வியப்படைய வேண்டாம்.

லேயிலிருந்து மணாலிக்கு எதிர்த்திசையில் போகலாமா? ஸ்ரீநகர் வழி எப்படி?

விமானத்தில் நேராக லேயில் இறங்குபவர் ஒரே மணி நேரத்தில் ஏறத்தாழ 3,500 மீட்டருக்கு வந்துவிடுகிறார். முதல் இரண்டு நாட்கள் முழு ஓய்வு, அதற்குப் பிறகு ஒரு வாரம் சிந்துப் பள்ளத்தாக்கில் ஷே, திக்சே, காரு என்று சிறிய சவாரிகள் எனப் பழகிக்கொள்ள நேரம் உள்ளவர்களுக்கு இந்தத் திசை உண்மையிலேயே பாதுகாப்பானது. நேரமில்லாதவர்களுக்கு மணாலித் தொடக்கமே மேல்.

ஸ்ரீநகர்–லே சாலையில் ஜோஜி லா 3,528 மீட்டர், ஃபோட்டு லா 4,108 மீட்டர். இரவுகள் எல்லாமே ஊர்களில் தங்கும்படி அமைகின்றன, நடுவில் கார்கில் 2,700 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. உயர்மலைச் சவாரி முதல் முறை என்றால் அந்த வழியாக லே சென்று, அங்கிருந்து மணாலிக்கு இறங்குவது மிகச் சிறந்த திட்டம். ஒரு மாத விடுப்பு கிடைப்பவர்கள் வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை.

எந்த வகை சைக்கிள் வேண்டும்?

விலையைவிட இரண்டு விஷயங்களே முக்கியம்: மிகக் குறைந்த கியர், அகலமான டயர்.

1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் உடலின் உச்ச உழைப்புத் திறன் ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைகிறது. 5,000 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சமவெளியில் எளிதாக இருக்கும் கியர் அங்கே அசையாது. முன் பல்சக்கரத்தில் 26 பற்களும் பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 36 பற்களும் இருந்தால், பெடலின் ஒரு முழுச் சுற்றுக்குச் சைக்கிள் ஏறத்தாழ 1.6 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு ஐம்பது சுற்று என்றால் மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகம். நடக்கும் வேகம்தானே என்று தோன்றலாம். கணவாய்களின் கடைசிப் பத்து கிலோமீட்டரை மூச்சு திணறாமல் ஏறுவதற்கு அந்த வேகமே சரியானது. பின்புறப் பெரிய பல்சக்கரத்தைவிட முன்புறச் சிறிய பல்சக்கரத்தில் பற்கள் குறைவாக இருக்க வேண்டும் என்பதைக் குறைந்தபட்ச நிபந்தனையாக வைத்துக்கொள்ளலாம். கடையில் கிடைக்கும் சாதாரண மலை சைக்கிள்கள் பெரும்பாலும் இதில் தேறிவிடும்; மெல்லிய டயர் கொண்ட பந்தய சைக்கிள்கள் தேறா.

டயர் 1.75 முதல் 2.2 அங்குலம் வரை இருக்கலாம். சாலையில் பெரும்பகுதி இப்போது தார் போட்டிருந்தாலும், எல்லைச் சாலைகள் அமைப்பின் பணி எந்நேரமும் எங்காவது நடந்துகொண்டே இருப்பதால் ஜல்லியும் புழுதியும் தவிர்க்க முடியாதவை. முன்பக்க ஷாக் அப்சார்பர் கட்டாயமில்லை.

பிரேக் கம்பியால் இயங்கும் டிஸ்க் ஆக இருப்பது எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் வழியில் ஏதேனும் ஆனால் ஒரு சாவியை வைத்தே சரிசெய்துவிடலாம்.

எவ்வளவு சுமை ஏற்றலாம்? எந்தக் கருவிகள் வேண்டும்?

உணவும் தண்ணீரும் நீங்கலாகப் பன்னிரண்டு கிலோவுக்குள் நிறுத்த முயலுங்கள். மணாலிக்கும் லேக்கும் இடையில் சைக்கிள் கடை என்று எதையும் நம்ப முடியாது. ஆகவே இரண்டு ட்யூப், பஞ்சர் ஒட்டும் பொருட்கள், காற்றடிக்கும் பம்பு, செயின் பிரிக்கும் கருவி, செயின் இணைப்பான், இரண்டு ஜோடி பிரேக் கட்டைகள், கியர் கம்பி ஒன்று, பிரேக் கம்பி ஒன்று, உங்கள் சக்கரத்துக்குப் பொருந்தும் நீளத்தில் நான்கைந்து ஸ்போக், பின் கியரைத் தாங்கும் கொக்கி, கேரியர் திருகாணிகள் ஆகியவை பையில் இருக்க வேண்டும். கேரியர் திருகாணிகளைத் தினமும் இறுக்கிப் பார்க்கவும். குண்டும் குழியுமான சாலையில் அவை தாமாகவே கழன்று விழும்.

கூடாரம் அவசியமா? சாப்பாடு, தண்ணீர் எப்படி?

பருவகாலத்தில் ஜிங் ஜிங் பார், பரத்பூர், சர்ச்சு, பாங், தெப்ரிங் போன்ற இடங்களில் கூடாரத் தாபாக்கள் இருக்கும். பருப்பும் சோறும், நூடுல்ஸ், முட்டை, தேநீர் கிடைக்கும். படுக்க மெத்தையும் கனமான போர்வையும் தருவார்கள். இவற்றை மட்டும் நம்பிக் கூடாரம் இல்லாமல் போவது சாத்தியம். ஆனால் அப்போது தாபா இருக்கும் உயரத்தில்தான் படுக்க முடியுமே தவிர, உடம்புக்குத் தேவையான உயரத்தில் படுக்க முடியாது. பட்சேவிலும் கட்டா அடிவாரத்திலும் நிறுத்தும் சுதந்திரத்தைக் கூடாரமே தருகிறது. அதன் எடையைச் சுமப்பது வீணல்ல.

பாங்கில் தண்ணீர் ஏறத்தாழ 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கர் இல்லாமல் அரிசியும் பருப்பும் வேகா. நீங்களே சமைப்பதென்றால் அவல், ஓட்ஸ், ரவை, நூடுல்ஸ் போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். குடிநீருக்காக ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் மூன்று நிமிடம் கொதிக்க விட வேண்டும். பாங்கை விட்டு ஏறும்போது மோரே சமவெளிக்காகக் குறைந்தது நான்கு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளவும். பார்வைக்குப் பசும்புல் தெரிந்தாலும் சாலையோரத்தில் நீர் கிடைப்பது அரிது, பிற்பகலில் எதிர்க்காற்று வேறு வாட்டும். பசி மந்தமாகிவிடும் உயரத்தில் சாப்பிட மறந்துவிடுவது எளிது. பசிக்காவிட்டாலும் மணிக்கொரு முறை எதையாவது மெல்ல வேண்டும்.

சாலையின் குறுக்கே ஓடும் ஓடைகளை எப்படிக் கடப்பது?

காலையில். பனியாற்று நீர் வெயில் ஏற ஏறப் பெருகி, பிற்பகலில் உச்சத்தைத் தொடும். காலை ஏழு மணிக்குக் கணுக்கால் அளவு ஓடிய நீர் மாலை நான்கு மணிக்கு முழங்காலைத் தொட்டு, கற்களை உருட்டிக்கொண்டு வரலாம். செருப்பை மாட்டிக்கொண்டு, சைக்கிளை நீர் வரும் பக்கம் வைக்காமல் இறங்கும் பக்கம் வைத்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வேகம் மிரட்டினால் லாரி வரும்வரை காத்திருந்து ஏற்றிக்கொள்ளச் சொல்லலாம். இந்தச் சாலையின் ஓட்டுநர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை.

லாரிகளும் ராணுவ வண்டிகளும் தொல்லையா?

நீண்ட வரிசையாக வரும் ராணுவ வண்டிகளுக்கு ஒதுங்கி நின்றுவிடுவதே நல்லது. ஒதுங்கும்போது எப்போதும் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்க வேண்டும், பள்ளத்தாக்குப் பக்கம் ஒருபோதும் வேண்டாம். இருட்டிய பிறகு ஓட்டவே கூடாது.

இறக்கங்களில் என்ன கவனம் தேவை?

தங்லங் லாவிலிருந்து உப்ஷி வரை சுமார் 60 கிலோமீட்டரில் 1,900 மீட்டர் இறக்கம். உச்சியிலேயே கையுறையும் காற்றுத் தடுப்பு மேலாடையும் அணிந்துகொள்ள வேண்டும். பாதி வழியில் விரல்கள் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க முடியாது. தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்காமல், விட்டு விட்டு அழுத்தவும். ரிம் பிரேக் என்றால் இடையிடையே நின்று ரிம்மை ஆறவிட வேண்டும். வெயில் படாத வளைவுகளில் காலையில் உறைபனி இருக்கக்கூடும்.

குளிருக்கும் வெயிலுக்கும் என்ன ஏற்பாடு?

சர்ச்சுவிலும் பாங்கிலும் கோடையிலேயே இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகலாம். மைனஸ் பத்து டிகிரி வரை தாங்கும் ஸ்லீப்பிங் பேக் இருந்தால் நிம்மதி. புற ஊதாக் கதிர் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது என்பதால் குளிர்ந்த காற்றில் வெயில் உறைக்காமலேயே தோல் வெந்துவிடும். முழுக்கைச் சட்டை, உதட்டுக்கும் சேர்த்துக் களிம்பு, பக்கவாட்டில் மறைப்புள்ள கறுப்புக் கண்ணாடி.

அனுமதிச் சீட்டு, பணம், தொலைபேசி?

மணாலி–லே நெடுஞ்சாலைக்கு உள்கோட்டு அனுமதி (எல்லையோரப் பகுதிகளுக்குள் செல்வதற்கான Inner Line Permit) தேவையில்லை. அடையாள அட்டையின் அசலை வைத்திருக்கவும், வழியில் சோதனைச் சாவடிகள் உண்டு. ஏ.டி.எம். மணாலி, கேலாங், லே ஆகிய ஊர்களில் இருக்கிறது. இடையில் ரொக்கம் மட்டுமே. பிற மாநிலங்களின் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு இணைப்பு வேண்டும். அதிலும் தார்ச்சாவைத் தாண்டினால் சிக்னலை எதிர்பார்த்து எதையும் திட்டமிடாதீர்கள். இதற்கு மாற்றாகச் செயற்கைக்கோள் தொலைபேசியையோ செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியையோ கொண்டுவர நினைப்பவர்கள் கவனிக்கவும்: அரசு உரிமம் இல்லாமல் அவற்றை இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம்.

தனியாகப் போகலாமா?

போகலாம், பலர் போகிறார்கள். எனினும் தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் நோயுற்றவர் தாமே உணர்வதில்லை. பக்கத்தில் இருப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே பாராலாச்சாவிலிருந்து தங்லங் லா வரையாவது வழியில் சந்திக்கும் வேறு சைக்கிள்காரர்களோடு இரவு தங்கும் இடத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள். அதுவும் அமையாவிட்டால் தாபாக்காரரிடம் மறுநாள் எங்கே தங்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

பாதியில் நிறுத்த நேர்ந்தால்?

கோடையில் கேலாங்குக்கும் லேக்கும் இடையே இமாச்சல் அரசுப் பேருந்து ஓடுகிறது. கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொள்ளலாம். பகிர்வு டாக்ஸிகளும் லாரிகளும் உண்டு. பாங்கில் ராணுவ முகாமின் மருத்துவ உதவி கிடைக்கும், கேலாங்கிலும் லேயிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. டாக்ஸிக்கான தொகையைத் தனியாக ஒரு உறையில் போட்டு, செலவுப் பணத்தோடு கலக்காமல் வைத்திருங்கள். கையில் காசு இல்லையே என்று ஒருவர் இன்னும் ஓர் இரவு பாங்கில் காத்திருக்கும் நிலை வரக் கூடாது.

லே சென்ற பிறகு கர்துங் லா ஏறலாமா?

தாராளமாக. லேயிலிருந்து உச்சி ஏறத்தாழ 40 கிலோமீட்டர், ஏற்றம் 1,850 மீட்டருக்குச் சற்று மேல். அங்கே நெடுங்காலம் நின்ற பலகை 18,380 அடி, அதாவது 5,602 மீட்டர் என்று சொன்னாலும், அளந்து அறியப்பட்ட உயரம் 5,359 மீட்டர்தான். தங்லங் லாவைச் சுமையுடன் கடந்தவருக்கு, சுமையில்லாமல் ஒரே நாளில் ஏறித் திரும்புவது கடினமாக இராது. மறுபுறம் நுப்ரா பள்ளத்தாக்குக்கு இறங்க விரும்பும் வெளிநாட்டவர்கள் முன்னதாகவே அனுமதி பெற வேண்டும்.

சைக்கிளை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது?

லே விமான நிலையத்திலிருந்து பெட்டியில் அடைத்துக் கொண்டுவரலாம். அதற்கான அட்டைப்பெட்டியை லேயிலுள்ள சைக்கிள் வாடகைக் கடைகளில் இரண்டு நாள் முன்பே கேட்டு வைக்கவும். பெடல்களைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, டயரில் காற்றைக் குறைத்து, பின் கியர்ப் பகுதிக்குத் துணி சுற்றிக் கட்டவும். எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்றவே முடியாது, பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். பெட்ரோல் அடுப்பின் கலம் காலியாக இருந்தாலும் வாடை அடித்தால் தடுத்துவிடுவார்கள் என்பதால், அதை லேயிலேயே அடுத்து மணாலிக்குப் புறப்படும் யாருக்காவது கொடுத்துவிட்டு வருவது எளிது.